நரம்பு வலி மருந்தை எலியில் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோரிமேட்டிலிருந்து அண்ணாமலை நகர் வரை, புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மருந்தியலில் எம்.பார்ம்., எம்.டி., பி.எச்டி. செய்பவர்களில் நரம்பு வலியை ஆய்வுத் தலைப்பாக எடுப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கடைசி இரண்டு கேள்விகள் நோயாளிகளின் வீட்டார் கேட்பவை. ஆய்வகத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

என் மூலிகைச் சாறு ஹாட் பிளேட்டிலும் ரைத்திங் சோதனையிலும் நன்றாக வேலை செய்தது. நரம்பு வலிக்கும் வேலை செய்யும் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மிகப் பரவலாக நடக்கும் தவறு இதுதான் என்பதால் முதலில் வைத்திருக்கிறோம்.

எடியின் ஹாட் பிளேட் சோதனை, நலமாக இருக்கும் எலியின் பாதம் 55 டிகிரி சூட்டைத் தொட்டால் எவ்வளவு நேரத்தில் தூக்குகிறது என்று பார்க்கிறது. அசிட்டிக் அமிலத்தை வயிற்றறைக்குள் செலுத்தி, எலி நெளிவதை எண்ணும் ரைத்திங் சோதனை வயிற்று அழற்சியைப் பார்க்கிறது. இரண்டிலும் நரம்பு நல்ல நிலையில் இருக்கிறது. நெருப்பைச் சுட்டிக்காட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நரம்பு வலியில் நரம்பே கெட்டுப் போயிருக்கிறது. நோயாளிகள் அதை எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது, ஷாக் அடிப்பது என்றெல்லாம் சொல்வார்கள். பாயில் கால் உரசினாலே துடிப்பார்கள். அந்த நிலை ஹாட் பிளேட்டில் இல்லவே இல்லை.

இதற்கு நல்ல சாட்சி கேபாபென்டின். சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு உலகம் முழுக்க எழுதப்படும் அந்த மருந்து, நலமான எலியை ஹாட் பிளேட்டில் வைத்தால் பெரிதாக எதையும் காட்டாது. அது ஒட்டிக்கொள்ளும் ஆல்ஃபா-2-டெல்டா என்ற புரதம், நரம்பு காயப்பட்ட பிறகுதான் அந்த நரம்பில் அதிகமாகிறது. மறுபக்கம் டைக்ளோஃபெனாக் ரைத்திங்கில் அருமையாகத் தேறும். நரம்பு வலி நோயாளிக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. இந்த இரண்டு சோதனைகளை மட்டும் நம்பியிருந்தால் கேபாபென்டினைத் தூக்கி எறிந்துவிட்டு டைக்ளோஃபெனாக்கை எடுத்திருப்போம்.

எந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது?

மாதிரி என்பது எலியில் நரம்பு வலியை உண்டாக்கும் முறை. உங்கள் மருந்து எந்த நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். வசதியான மாதிரி எது என்பது இரண்டாவது கேள்வி.

நரம்பு நசுங்கி வரும் வலிக்கு 1988இல் பென்னட்டும் ஷியேவும் விவரித்த நாள்பட்ட நெரிப்பு மாதிரி, சுருக்கமாக சி.சி.ஐ. தொடையில் ஓடும் சயாட்டிக் நரம்பைச் சுற்றித் தளர்வாக நான்கு முடிச்சுகள். கருவிச் செலவு குறைவு. ஆனால் கட்டுபவரின் கையைப் பொறுத்து முடிவு மாறும்.

முடிச்சின் இறுக்கத்தால் வரும் ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் 1992இல் கிம், சங் இருவரும் கொண்டுவந்த முதுகுத் தண்டு நரம்புக் கட்டு. இடுப்பின் ஐந்தாம், ஆறாம் நரம்புகளை இறுக்கிக் கட்டுவது. எலும்பின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருப்பதால் கற்றுக்கொள்ள நாளாகும். நான்காம் நரம்பை லேசாக இடித்துவிட்டாலும் கால் இழுத்துக்கொள்ளும். 2000இல் டெகாஸ்டெர்ட், வுல்ஃப் இருவரும் விவரித்த எஸ்.என்.ஐ. மாதிரியில் டிபியல், பெரோனியல் கிளைகளைக் கட்டி வெட்டிவிட்டு, சூரல் கிளையைத் தொடாமல் விடுவார்கள். வலி மாதக்கணக்கில் நீடிக்கும். நீண்ட நாள் மருந்து கொடுக்கும் ஆய்வுக்கு இது ஏற்றது.

நம் பக்கத்து மருத்துவமனைகளில் நரம்பு வலியோடு வருபவர்களில் பலருக்கு மூலகாரணம் சர்க்கரை. ஆகவே அறுவை மாதிரி ஒன்றோடு, எலிக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் மாதிரி ஒன்றையும் சேர்த்துச் செய்தால்தான் ஆய்வுக்கு எடை கூடும் என்பது எங்கள் கருத்து. புற்றுநோய் மருந்தால் வரும் வலியானால் பேக்லிடாக்செல் அல்லது ஆக்ஸாலிபிளாட்டின்.

சி.சி.ஐ. அறுவையை எப்படிச் செய்வது?

180 முதல் 220 கிராம் எடையுள்ள விஸ்டர் அல்லது ஸ்ப்ரேக் டாலி எலி. வந்து இறங்கிய பிறகு ஒரு வாரமாவது பழகவிடுங்கள். மயக்கத்துக்கு ஐசோஃப்ளுரேன் கிடைத்தால் அதுவே நல்லது: மயக்கத் தொடங்க 4 முதல் 5 சதவீதம், பிறகு 1.5 முதல் 2.5 சதவீதம். நம் கல்லூரிகளில் அதிகம் பயன்படுவது கெட்டமின், சைலசின் கலவை. அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, வாங்கவும் கணக்கு வைக்கவும் தனி விதிகள் உண்டு. அடுத்தது, கெட்டமின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கிறது; நரம்பு வலி உருவாகும் பாதையிலேயே கை வைக்கிறது. எல்லாக் குழுவுக்கும், ஷாம் எலிக்கும் (முடிச்சுப் போடாமல் அறுவை மட்டும் செய்த எலி), அதே மயக்க மருந்து அதே அளவில் போயிருக்க வேண்டும்.

தொடை நடுவில் முடியை வழித்து, போவிடோன் அயோடின் தடவி, தோலைக் கீறுங்கள். பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையைக் கத்தியால் வெட்டக் கூடாது. மழுங்கிய கத்தரியின் முனையை உள்ளே விட்டுத் திறந்து தசை நார்களைப் பிரித்தால் ரத்தமே வராது. கீழே பளபளவென்று வெள்ளையாக சயாட்டிக் நரம்பு தெரியும். அது மூன்றாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 7 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒட்டியிருக்கும் திசுவை விலக்குங்கள். வளைந்த கண்ணாடிக் கொக்கியால் நரம்பைத் தாங்கலாம், இழுக்கக் கூடாது.

4-0 குரோமிக் கேட்கட் நூலால், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு முடிச்சுகள். கேட்கட் உறையில் ஆல்கஹால் சார்ந்த திரவம் இருக்கும். அதை நுண்ணுயிர் நீக்கிய சலைனில் அலசாமல் கட்டினால் அந்தத் திரவமே நரம்பைச் சுடும். எவ்வளவு இறுக்கலாம்? உருப்பெருக்கியில் பார்க்கும்போது நரம்பின் விட்டம் சற்றே குறுகியது போல் தெரிய வேண்டும். மேலே ஓடும் மெல்லிய ரத்த நாளத்தில் ஓட்டம் நிற்கக் கூடாது. கால் லேசாகத் துடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். மீதி வேலையை உடலுக்குள் ஊறிப் பருக்கும் கேட்கட்டே செய்துவிடும். பட்டு நூலோ நைலானோ கட்டிவிட்டு இதே முடிவை எதிர்பார்க்க முடியாது. கேட்கட்டின் குரோமிக் உப்பும், அதைச் சுற்றி வரும் அழற்சியும் இந்த மாதிரியின் ஒரு பகுதி.

ஷாம் குழுவில் எல்லாம் அப்படியே, முடிச்சு மட்டும் கிடையாது. தசையையும் தோலையும் தனித்தனியாகத் தையுங்கள். எலி கண் விழிக்கும்வரை அடியில் சூடு வேண்டும். ஏசி அறையில் மயங்கிக் கிடக்கும் எலி வேகமாகக் குளிர்ந்துபோகும், இறப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். முதல் ஓரிரு நாளுக்கு வலி நிவாரணி கொடுப்பதால், அறுவைக்குப் பின் பதினான்காம் நாள் எடுக்கும் வலி அளவீடு கெடாது. எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்தைத் தீர்மானியுங்கள்.

அறுவை முடிந்தும் சில எலிகளில் வலி அறிகுறியே வரவில்லை. சில எலிகள் கால் நகத்தைக் கடித்துக்கொள்கின்றன. ஏன்?

முடிச்சு தளர்ந்திருந்தால் அறிகுறி வராது. இறுகியிருந்தால் உணர்வு நார்கள் மொத்தமாகச் செத்து, பாதம் மரத்துப் போகும். பாதத்தின் தொடு வலியை அளக்கும் வான் ஃப்ரே நைலான் இழையை அழுத்தினாலும் காலை எடுக்காது. அந்த எலியைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. நகம், விரல் கடித்தல் பெரும்பாலும் மரத்துப்போன பாதத்தில்தான் வருகிறது.

தீர்வு, விலக்கும் விதியை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே எழுதி வைப்பது. பதினான்காம் நாள் அழுத்த வாசல் அளவு (எலி காலை எடுக்கத் தொடங்கும் அழுத்தம்) 4 கிராமுக்குக் கீழே இறங்கிய எலிகளை மட்டும் எடுப்பது பலர் கையாளும் விதி. மருந்து கொடுத்த பிறகு, முடிவைப் பார்த்துவிட்டு, ஒரு எலியை எடுப்பதோ விடுவதோ கூடாது.

சி.சி.ஐ. எலிகளை நெல் உமியில் வைப்பதானால் கெட்டியாகப் போடுங்கள். புண்பட்ட பாதத்தில் கூர்மையான உமி குத்தும். கிடைத்தால் மென்மையான காகிதப் படுக்கை மேல். அறுவைக்குப் பிறகு கம்பி வலைத் தரையுள்ள கூண்டு வேண்டவே வேண்டாம்.

ஸ்ட்ரெப்டோசோடோசினில் கவனிக்க வேண்டியவை?

0.1 மோலார் சிட்ரேட் பஃபர், பி.ஹெச். 4.5. பஃபர் பனிக்கட்டியில் குளிர்ந்திருக்க வேண்டும், மருந்தைக் கரைத்த சில நிமிடங்களில் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். காலையில் கரைத்து வைத்துக்கொண்டு மதியம் வரை போடுவதால்தான் பாதி எலிகளுக்குச் சர்க்கரை ஏறுவதில்லை. எலிக்கு ஒரே ஊசியாகக் கிலோவுக்கு 50 முதல் 65 மி.கி. 250 கிராம் எலிக்கு 55 மி.கி. கணக்கில் 13.75 மி.கி. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெறும் பஃபர்.

ஊசி போட்ட முதல் நாள் சிதைந்த பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் மொத்தமாகக் கொட்டி, சர்க்கரை தாழ்ந்து எலி செத்துப்போகலாம். அதனால் குடிநீரில் 5 முதல் 10 சதவீத சர்க்கரைக் கரைசல். 72 மணி நேரம் கழித்து வால் நுனி ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மி.கி.க்கு மேல் இருப்பவற்றை எடுங்கள். வலி அறிகுறிகள் நன்றாகத் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். இந்த எலிகள் சிறுநீர் நிறையக் கழிக்கும். படுக்கையைத் தினமும் மாற்ற ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி ஈரமாகவே இருக்கும், ஆட்டோகிளேவ் செய்து உலர்த்தியதைப் போதுமான அளவு முன்பே சேர்த்து வையுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. உங்கள் சாறு சர்க்கரையையும் குறைத்தால், வலி குறைந்தது நரம்பின் மீதான வேலையாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று தெரியாது. ஒவ்வொரு அளவீட்டு நாளிலும் சர்க்கரையையும் பதியுங்கள். ஸ்ட்ரெப்டோசோடோசினுக்கு முன்பே சாறு கொடுக்கத் தொடங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பீட்டா செல்லைக் காப்பாற்றியதைத்தான் நரம்பைக் காப்பாற்றியதாக எழுதுவீர்கள்.

பேக்லிடாக்செல்?

கிலோவுக்கு 2 மி.கி., வயிற்றறை ஊசியாக, ஒன்றுவிட்டு ஒரு நாள் நான்கு முறை; மொத்தம் 8 மி.கி. மருந்துக் குப்பியில் கிரெமோஃபோரும் ஆல்கஹாலும் இருக்கும். கட்டுப்பாட்டு எலிக்கும் அதே கலவையைச் சலைனில் நீர்த்துப் போட வேண்டும், வெறும் சலைன் போதாது. உங்கள் மருந்து பேக்லிடாக்செலின் புற்றுநோய் எதிர்ப்பைக் குறைக்கவில்லை என்பதைப் புற்றுநோய் செல்களில் தனியாகக் காட்டாவிட்டால், முடிவு யாருக்கும் உதவாது.

வான் ஃப்ரே அளவீடு ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாதிரி வருகிறதே?

வரும். நம் ஊரில் அதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இழைகள் நைலான், காற்றின் ஈரப்பதம் ஏறினால் நைலான் மென்மையாகி, வளையும் விசை குறைந்துவிடும். 4 கிராம் என்று அச்சடித்த இழை, மழைநாளில் கலாப்பட்டில் 4 கிராம் கொடுக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், மின்னணுத் தராசின் தட்டில் ஒவ்வொரு இழையையும் வளையும்வரை அழுத்தி, காட்டும் எடையைக் குறித்து வையுங்கள். அறையின் ஈரப்பதத்தையும் அதே தாளில் எழுதுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாத ஆய்வில் வெயில் காலக் குழுவையும் மழைக் காலக் குழுவையும் ஒப்பிடவே முடியாது.

கம்பி வலைத் தளத்தின் மேல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி. அளவீட்டுக்கு முன் இரண்டு மூன்று நாளாவது அதில் விட்டுப் பழக்குங்கள், அளக்கும் நாளில் குறைந்தது அரை மணி நேரம். எலி மோப்பம் பிடிப்பதையும் சுற்றுவதையும் நிறுத்தி நான்கு காலிலும் நிற்கும்போதுதான் தொட வேண்டும். பாதத்தின் நடுவில், செங்குத்தாக, இழை லேசாக வளையும்வரை அழுத்தி 6 முதல் 8 வினாடி பிடியுங்கள். வெடுக்கென்று இழுத்தல், உதறுதல், நக்குதல் என்றால் பதில் உண்டு. நடந்து போனால் பதில் இல்லை என்றும் எழுதக் கூடாது, உண்டு என்றும் எழுதக் கூடாது, மறுபடி பாருங்கள். எஸ்.என்.ஐ. மாதிரியில் நடுப்பாதம் மரத்திருக்கும், சூரல் நரம்பு போகும் வெளி ஓரத்தில் தொட வேண்டும். இடம் தெரியாமல் தொட்டுவிட்டு, மாதிரியே வரவில்லை என்று கைவிடுபவர்கள் உண்டு.

1994இல் சாப்லன் குழு வகுத்த மேல்-கீழ் முறையில் எட்டு இழைகள்: 0.4, 0.6, 1, 2, 4, 6, 8, 15 கிராம். 2 கிராமில் தொடங்குங்கள். பதில் வந்தால் அடுத்த மெல்லிய இழை, வராவிட்டால் அடுத்த தடித்தது. பதில் முதன்முறை மாறும் இடத்திலிருந்து இன்னும் நான்கு தொடல்கள். கிடைக்கும் வரிசைக்கு டிக்சன் அட்டவணையில் ஒரு கே மதிப்பு இருக்கும். கடைசி இழையின் மடக்கை எண்ணோடு, அந்த மதிப்பை 0.224ஆல் பெருக்கிக் கூட்டி, பத்தின் அடுக்காக்கி, 10,000ஆல் வகுத்தால் 50 சதவீத வாசல் கிராமில் வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, மடக்கை எண்ணுக்குப் பதில் கிராமைப் போடுவது. இழையின் கைப்பிடியில் அச்சிட்டிருக்கும் 4.31 போன்ற எண்தான் சூத்திரத்துக்குள் போக வேண்டும். அதுதான் 2 கிராம் இழை. விடை 15 கிராமைப் பலமடங்கு தாண்டி வந்தால் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

சூடு, குளிர் சோதனைகள்?

கண்ணாடித் தளத்தின் அடியிலிருந்து விளக்கால் பாதத்தைச் சூடாக்கும் ஹார்கிரீவ்ஸ் கருவியில் விளக்கின் வீச்சை நலமான எலி சுமார் 10 வினாடியில் காலெடுக்கும்படி வையுங்கள், 20 வினாடியில் கட்டாயம் நிறுத்துங்கள். கண்ணாடியில் சிறுநீர் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. குளிர் வலிக்கு அசிட்டோன்: 50 மைக்ரோலிட்டர் துளியைப் பாதத்தில் விடுங்கள், சிரிஞ்சு முனை தோலில் படக் கூடாது. ஒரு நிமிடம் பாருங்கள்.

சூட்டுச் சோதனையில் அறை வெப்பம் பெரிய குறுக்கீடு. தோல் வெதுவெதுப்பாக இருந்தால் விளக்கு அதைச் சீக்கிரம் சுடு நிலைக்குக் கொண்டுபோகும், எலி சீக்கிரம் காலெடுக்கும். மே மாதம் நடுப்பகலில் மின்சாரம் போய் ஏசி அணைந்த அரை மணி நேரத்தில் எல்லாக் குழுவுக்கும் வலி கூடிவிட்டது போல் தெரியும். விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.யின் வழிகாட்டுதல் கூண்டு அறைக்கு 18 முதல் 29 டிகிரி, 30 முதல் 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்திருக்கிறது. ஒரே ஆய்வுக்குள் அந்த அகலம் முழுக்க அலைவது கூடாது. 22க்கும் 24க்கும் இடையில் பிடித்து நிறுத்தப் பாருங்கள். மின்சாரம் போனால் அன்றைய அளவீட்டை நிறுத்துங்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

பதினான்காம் நாளும், மருந்து நாட்களும் எங்கே விழுகின்றன என்று காலண்டரில் முன்கூட்டியே பாருங்கள். தீபாவளி வெடிச்சத்தம் எலிகளைப் பல மணி நேரம் பதற வைக்கும், பதற்றம் வலி உணர்வை மாற்றும். தீபாவளிக்கு முந்தைய நாளும் மறுநாளும் அளவீடு வேண்டாம். நவம்பர், டிசம்பரில் புயல். 2011 டிசம்பர் 30இல் தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஜெனரேட்டருக்கு டீசலும், குடிநீரும், தீவனமும் இருப்பில் இல்லாத விலங்குக்கூடத்தில் அந்த மாதங்களில் அறுவை தொடங்குவது எலிக்கும் நல்லதல்ல, ஆய்வுக்கும் நல்லதல்ல.

அளப்பவர் யார் என்பதும் முடிவை மாற்றும். ஆண்களின் வாசனைக்கே எலிகளுக்குப் பதற்றம் ஏறி வலி அறிகுறி குறைகிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2014இல் காட்டியது. ஒரு ஆய்வை ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை அளக்கட்டும், அதே நேரத்தில்.

சாற்றைக் கிலோவுக்கு 200, 400 மி.கி. என்றே எல்லோரும் கொடுக்கிறார்கள். நானும் அப்படியே கொடுக்கலாமா?

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஓ.இ.சி.டி. 423 நச்சுச் சோதனையில் 2000 மி.கி. கொடுத்தும் எலி சாகவில்லை. அதில் பத்தில் ஒன்று 200, ஐந்தில் ஒன்று 400. சாகாத அளவு தெரிந்ததால் வேலை செய்யும் அளவு தெரிந்துவிட்டதாக ஆகாது. இரண்டு அளவு வைத்து அளவுக்கேற்ற விளைவு என்று எழுதவும் முடியாது. மூன்று அளவாவது வேண்டும், இடைவெளி மூன்று மடங்கு இருக்கட்டும்: 30, 100, 300.

மனித அளவாக மாற்றிப் பார்த்தால் கண் திறக்கும். எலி அளவை 6ஆல் பெருக்கி 37ஆல் வகுக்க வேண்டும். 400 மி.கி. என்றால் மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு, அதுவும் காய்ந்த சாறு. அதை எந்த மாத்திரையில் அடக்குவீர்கள்?

ஒப்பீட்டு மருந்தாக எதை வைப்பது?

கேபாபென்டின் கிலோவுக்கு 100 மி.கி. வாய்வழி. மேலே சொன்ன கணக்கில் 60 கிலோ ஆளுக்கு சுமார் 970 மி.கி., நோயாளிகள் எடுக்கும் வரம்புக்குள் இருக்கிறது. அல்லது பிரீகபாலின் 30 மி.கி. கேபாபென்டின் குடலில் ஒரு கடத்தி வழியாக உறிஞ்சப்படுகிறது, அது நிரம்பிவிடும். அளவை இரட்டிப்பாக்கினால் விளைவு இரட்டிப்பாகாது. இந்த மருந்தே உங்கள் எலியில் வேலை செய்யவில்லை என்றால் மாதிரியிலோ அளவீட்டிலோ கோளாறு. உங்கள் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எலிக்கு வாய்வழிக் கொள்ளளவு கிலோவுக்கு 5 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் எலிக்கு 1.25 மி.லி.; கிலோவுக்கு 10 மி.கி. அளவுக்கு கரைசல் மி.லி.க்கு 2 மி.கி. சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் மிதக்கும் சாறு சிரிஞ்சுக்குள்ளேயே அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுக்காவிட்டால் ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு அளவு போகும்.

எலி காலை எடுக்கவில்லை. வலி குறைந்தது என்றுதானே பொருள்?

தூங்கி வழியும் எலியும் காலை எடுக்காது. சுழலும் உருளையில் எலி எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று பார்க்கும் ரோட்டாராட் சோதனை இல்லாத நரம்பு வலி ஆய்வை நம்பாதீர்கள். ஆனால் அதை சி.சி.ஐ. எலியில் செய்யக் கூடாது; கால் புண்பட்டதாலேயே விழும். நலமான எலிகளை இரண்டு மூன்று நாள் பழக்கி, உங்கள் உச்ச அளவைக் கொடுத்து, நிமிடத்துக்கு 4 சுழற்சியிலிருந்து 40 வரை ஐந்து நிமிடத்தில் வேகம் கூட்டி, விழும் நேரத்தைப் பாருங்கள். கூடவே ஷாம் எலிகளுக்கும் உச்ச அளவைக் கொடுத்து வான் ஃப்ரே பாருங்கள்.

காலெடுப்பது அனிச்சைச் செயல். தண்டுவடமே அதைச் செய்துவிடும். நோயாளியின் துன்பம் மூளையில் இருக்கிறது. வசதி இருந்தால் இடத்தேர்வுச் சோதனை சேருங்கள்: வலி குறையும் மருந்து கிடைத்த அறையை, வலியுள்ள எலி பிறகு தானாகத் தேடிப் போகிறதா என்பது. 2009இல் இந்த வழி நரம்பு வலி எலிகளில் காட்டப்பட்டது. பாதத்தை மட்டும் பார்க்கும் சோதனைகளை விட இதன் சாட்சியம் கனமானது.

மருந்தை எந்த நாளில் தொடங்குவது?

அறுவை அன்றே தொடங்கினால் வலி வராமல் தடுக்கிறதா என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். நோயாளி வலி வந்த பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார். ஆகவே பதினான்காம் நாள், வலி நிலைபெற்றதை அளந்து உறுதி செய்த பிறகு தொடங்குங்கள். 30, 60, 120, 240 நிமிடங்களில் அளவீடு. ஒரே வேளையில் நல்ல பலன் தெரிந்தாலும் ஏழு முதல் பதினான்கு நாள் தொடர்ந்து கொடுத்து, பலன் மங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை எலிகள்?

"குழுவுக்கு ஆறு" என்று வழக்கத்தைக் காட்டினால் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பும், அனுப்பவும் வேண்டும். கணக்கு இப்படி: குழுக்களுக்கிடையே 4 கிராம் வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும், திட்ட விலக்கம் 2.5 கிராம், 5 சதவீதப் பிழை, 80 சதவீதத் திறன் என்றால் குழுவுக்கு ஏழு வரும். சிறு எண்ணிக்கைக்கான திருத்தத்தோடு எட்டு. ஷாம், ஷாமுக்கு உச்ச அளவு, சி.சி.ஐ.க்கு வெறும் கரைசல், கேபாபென்டின், உங்கள் மருந்தில் மூன்று அளவு என்று ஏழு குழுக்கள், 56 எலிகள். மாதிரி வராமல் போகும் எலிகளுக்காகச் சில கூடுதல், காரணத்தோடு. ஆணும் பெண்ணும் சேர்த்து எடுங்கள்.

பதினான்காம் நாள் அளவுக்குப் பிறகு எலிகளைச் சீட்டுப் போட்டுக் குழு பிரியுங்கள். மருந்துக் குப்பிகளுக்கு மூன்றாமவர் குறியீடு போடட்டும். சாறு பழுப்பாகவும் கேபாபென்டின் தெளிவாகவும் இருந்தால் குறியீடு போட்டும் பயனில்லை. மருந்து புகட்டுபவரும் இழை பிடிப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

யாரிடம் அனுமதி வாங்குவது?

1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சி.சி.எஸ்.இ.ஏ. இயங்குகிறது; முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்டது. எலி, சுண்டெலி ஆய்வுக்குப் பதிவு பெற்ற உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவே அனுமதி தரும், பி படிவத்தில் விண்ணப்பம். குழுவில் கால்நடை மருத்துவர் கட்டாயம். புதுச்சேரியில் குரும்பாப்பேட் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருப்பதால் ஆலோசனைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அனுமதி தேதிக்கு முன் ஒரு எலி கூட வாங்கக் கூடாது. பதிவு பெற்ற இனப்பெருக்கக் கூடத்திலிருந்து மட்டும் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எப்போது நிறுத்துவீர்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள்: உடல் எடை 20 சதவீதம் குறைந்தால், விரலைக் கடித்துத் துண்டித்தால், தீனி எடுக்காமல் முடங்கினால், அன்றே வலியின்றி முடிவு. கரியமில வாயு என்றால் நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் வீதம் மெல்ல நிரப்ப வேண்டும். இந்த மாதிரியில் நாம் வேண்டுமென்றே நாட்கணக்கில் வலியை உண்டாக்குகிறோம். அந்த வலிக்கு ஈடாக நம்பத்தக்க விடை ஒன்று வர வேண்டும். குறியீடும் சீட்டும் இல்லாமல் செய்யும் ஆய்வு அந்த எலிகளின் வலியை வீணாக்குகிறது.

எலியில் வெற்றி பெற்ற மருந்து மனிதரிடம் ஏன் தோற்கிறது?

பெயர்பெற்ற தோல்வி என்.கே.-1 ஏற்பி அடைப்பான்கள். விலங்கில் வலியைக் குறைத்த அந்த மருந்துகள் மனித வலிச் சோதனைகளில் கைகொடுக்கவில்லை. பிறகு கீமோ வாந்திக்கான மருந்தாக நிலைபெற்றன. எதிர்ப்பக்கத்தில் ஜிகோனோடைட் உண்டு. கடல் கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்தது, எலியில் வேலை செய்தது, 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டியிருப்பதால் மிகச் சிலருக்கே பயன்படுகிறது. இளம், ஆண், ஒரே இன எலியில், அறுவை செய்த இரண்டு வாரத்தில் பார்ப்பதற்கும், பத்து வருடச் சர்க்கரையோடு வரும் அறுபது வயதுக்காரருக்கும் உள்ள தூரம்தான் பெரும்பாலான தோல்விகளின் இருப்பிடம்.

விலங்கைத் தவிர்க்கும் வழிகளும் திறக்கின்றன. 2019ஆம் ஆண்டு புதிய மருந்து விதிகளில் 2023இல் செய்த திருத்தம், செல், உறுப்புச் சில்லு, கணினி வழிச் சோதனைகளையும் ஏற்றுக்கொள்கிறது. மருந்தை முதலில் வடிகட்ட அவை போதும். வலியை உணரும் முழு உடலுக்கு மாற்றாக இன்னும் வரவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை, இரவெல்லாம் உள்ளங்கால் எரிகிறது. எலியில் வேலை செய்ததாகச் சொல்லும் மூலிகையைக் கொடுக்கலாமா?

எலிச் சோதனையை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். அம்மா ஏற்கெனவே எடுக்கும் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்தலாம், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் சிக்கல். மனிதரிடம் சோதித்து நிலைபெற்ற மருந்துகள் இருக்கின்றன: பிரீகபாலின், கேபாபென்டின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின். எது, எவ்வளவு என்பதைச் சிறுநீரகம், இதயம், வயது பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவரானால் பி-12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குறையும் இதே எரிச்சலைத் தரும்.

நரம்பு வலிக்கு மாத்திரை போட்டு மூன்று நாளாகிறது, ஒன்றும் தெரியவில்லையே, நிறுத்திவிடலாமா?

இந்த மருந்துகள் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டப்படுபவை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். முதல் நாட்களில் தூக்கமும் தலைசுற்றலும்தான் முன்னே வரும், இரவில் எழுந்து நடக்கும்போது கவனம். நாமாக திடீரென்று நிறுத்தக் கூடாது, குறிப்பாக கேபாபென்டின், பிரீகபாலின். மருத்துவரிடம் போகும்போது எந்த நேரத்தில் எரிகிறது, எவ்வளவு தூரம் ஏறுகிறது, போர்வை பட்டால் வலிக்கிறதா என்பதை ஒரு வாரம் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மரத்த காலில் புண் வலிக்காது.